ஒன்பது பத்து

சாவி என்னிடம் இருக்கிறது,
பத்து மணிக்குப் பூட்ட வேண்டும்,
அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இசைக்காக இல்லை.

கால்டர் பள்ளத்தாக்கில் நவம்பர் மழை
மூன்றாம் நாளாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.
சேப்பல் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டேன்.
இருபத்திரண்டு பேர், ஒரு நாய்.
நனைந்த கோட்டுகள் ஆட்டு மந்தைபோல் மணத்தன.

"எழுதி வைக்காமல் வாசிப்பார்களாம்"
என்றாள் பரிசுச்சீட்டு விற்ற எனிட் ஸ்டாக்டேல்,
பல் பிடுங்கப் போகிறவள் குரலில்.
போன மாதம் வந்தவர்கள்
ஒரு சிம்பலை வில்லால் ஒரு மணி நேரம் அறுத்தார்கள்.
அவள் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை.

இன்று மூவர். டிரம்ஸ் இல்லை.
ஹெஸ்டர் ஆக்ராய்ட் பியானோவில்
ஒரே ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள்,
குழந்தையைக் குளிப்பாட்டுமுன்
நீரில் முழங்கை வைப்பதுபோல்.
கோரின் பென்ஹேல் செல்லோவின் முள்ளை
நான் மெழுகிட்ட தரையில் குத்தினான்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
டன்ஸ்டன் ப்ராத்வெய்ட்
பாஸ் கிளாரினெட்டை மடியில் சாய்த்துக் கண்மூடினான்.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது
கீழறையில் என் பாய்லர்.
முப்பது வருடமாக முனகும் கிழட்டு இரும்பு.
மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.
அதற்குள் டன்ஸ்டன் அந்த முனகலைப் பிடித்துவிட்டான்,
இம்மி பிசகாமல் அதே சுருதி,
பழைய நண்பன் தோளில் கைபோடுவதுபோல் ஒரு நீண்ட ஸ்வரம்.
ஒத்து ஊதுகிறவன் என்று ஆட்களைத் திட்டுகிறோம்.
அன்று ஒத்து ஊதிய அந்த இரும்பை
நான் முதல்முறையாக மரியாதையோடு நினைத்தேன்.

மேலே ஹெஸ்டரின் மெட்டு இறங்கியது.
பெரிய வித்தை ஒன்றுமில்லை.
நடை பழகாத குழந்தை
உட்கார்ந்து உட்கார்ந்து மாடிப்படி இறங்குமே, அது.
கடைசிப் படிக்குக் கீழே செல்லோ நின்றது,
கை நீட்டாமல், ஆனால் நின்றது.

மெட்டு கைமாறியது,
ஒரு கோப்பை தேநீர்போல.
வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார்.
இவ்வளவு இனிமையாக இருந்தால் ஆழமிருக்காது
என்பாரும் உண்டு.
கூழாங்கல் தெரிகிறதே என்று இறங்கிய இருவரை
எங்கள் ஆற்றிலிருந்து கயிறு கட்டித்தான் தூக்கினோம்.

ஒன்பது பத்து.
சிக்கனக் கமிட்டி வைத்த நேரம்.
பாய்லர் நின்றது.

சேப்பலுக்கு அடியில் இருந்து
யாரோ ஒரு பலகையை உருவியதுபோல் இருந்தது.
ஹெஸ்டரின் கை அந்தரத்தில்.
டன்ஸ்டனுக்கு மூச்சு தீர்ந்திருந்தது.
நாய் தலை தூக்கியது.

ஆனால் அந்த ஸ்வரம் இன்னும் இருந்தது.
எங்கிருந்து?
எனிட்.
மூடிய வாய், மடியில் சீட்டுப் பெட்டி,
பார்வை ஜன்னலில்.
தான் முனகுவதே அவளுக்குத் தெரியாது.
யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை;
பார்த்தால் நின்றுவிடும் என்று
மூவருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.
ஹெஸ்டரின் கை மெதுவாகக் கட்டைக்கு வந்தது.
ஆறும் குழாய்கள் டிக் டிக்கென்றன,
கோரின் அவற்றுக்கு இடையே தந்தியைச் சுண்டினான்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
கடிகாரத்தைப் பார்ப்பது என் வேலை,
அன்று பார்க்கவில்லை.

பரிசாக வந்த மார்மலேட் நாய்க்காரருக்கு விழுந்தது.
பத்தே முக்காலுக்குப் பூட்டினேன்.
பஸ் நிறுத்தத்தில் அவர் அந்த மெட்டை விசிலடித்தார்,
மூன்றாவது ஸ்வரம் தப்பு.
திருத்தலாமென்று வாயெடுத்தேன்.
எதை வைத்துத் திருத்த?

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது பின்னல் வகுப்பு.
ஒன்பது பத்துக்குப் பாய்லர் நிற்கும்.
ஊசிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.
எனிட் மட்டும் ஒரு கண்ணி தவறவிடுவாள்,
நூலைத் திட்டுவாள்.